குதிரை பார்க்க லண்டன் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிச் சென்ற மாதம் இப்பக்கத்தில் எழுதிய சிறு பதிலுக்குப் பிறகு, குதிரை சம்பந்தமான கடிதங்கள் ஒரு கட்டாகவே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை, வெளிநாடுகளில் பிள்ளைகள் இருப்பவர்கள் அங்கே மண்டபத்துக்குள் நடக்கும் குதிரைப் போட்டிகளைப் பார்க்கப் போவது பற்றிக் கேட்டு எழுதியவை. ஆகவே இம்மாதம் வேறு கேள்விகளை ஒத்திவைத்து, இடம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

நீர்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: எங்கள் மகன் குடும்பத்துடன் லண்டன் ஈஸ்ற்ஹாமில் இருக்கிறார். பதினொரு வயதுப் பேத்தி கிழமைக்கு ஒருநாள் குதிரைச் சவாரி பழகுகிறாள். வருகிற டிசம்பரில் நடக்கும் லண்டன் சர்வதேசக் குதிரைக் கண்காட்சிக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் கணவரோ, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் நெடுந்தீவில் காசில்லாமல் பார்க்கக்கூடிய குதிரைக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பானேன் என்கிறார். இருவரும் எழுபதை நெருங்குகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

அம்மா, உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. குதிரையை மட்டும் பார்ப்பதென்றால் நெடுந்தீவே போதும். உங்கள் பேத்தி காட்ட நினைப்பதோ, குதிரையும் மனிதரும் பல வருடம் ஒன்றாகப் பழகி, ஒன்றரை நிமிடத்துக்குள் செய்து முடிக்கும் ஒரு காரியத்தை. அதைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கும் மண்டபத்தில் இருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம், நல்லூர்த் தேரை வானொலி வர்ணனையில் கேட்பதற்கும் வீதியில் நின்று பார்ப்பதற்கும் உள்ள தூரம்தான்.

தொடக்கம் எதுவென்றால், எந்த நாள், எந்த அமர்வு என்பதைத் தீர்மானிப்பது. நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விமானச்சீட்டை எடுத்து, ஹரோவில் மச்சாள் வீட்டுக்கு நான்கு நாள், ரூற்றிங்கில் தம்பி வீட்டுக்கு மூன்று நாள் என்று பகிர்ந்து, மிஞ்சுகிற நாளில் போட்டி பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். மிஞ்சுகிற நாளில் அந்தப் போட்டி இருக்காது. கண்காட்சி டிசம்பர் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒரு கிழமை நடக்கும். மதிய அமர்வு, மாலை அமர்வு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நுழைவுச்சீட்டு விற்பார்கள். குதிரை இசைக்கேற்ப நடக்கும் போட்டியைப் பார்க்க விரும்புபவர், அது கம்புத் தடைகளைத் தாண்டும் தடைதாண்டல் நாளில் போய் இருந்தால், அது பரதநாட்டியம் பார்க்கப் போனவர் மல்யுத்தம் பார்த்துத் திரும்பிய கதையாகிவிடும். நிகழ்ச்சி நிரலைப் பேத்தியையே வாசிக்கச் சொல்லி, அவள் சொல்கிற இரண்டு அமர்வுகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நான் ஒருமுறை ஒரே நாளில் இரண்டு அமர்வும் இருந்து பார்த்து, கடைசிப் போட்டியில் எந்தக் குதிரை எதைத் தாண்டியது என்றே தெரியாமல் தூங்கி வழிந்தேன்.

இரண்டாவதாக, நுழைவுச்சீட்டை மகனே தமது பெயரில் வாங்கட்டும். விசா கிடைக்காவிட்டாலோ, பிந்தினாலோ அவர் வேறு யாரையாவது அழைத்துப் போவார். அந்தப் பணம் வீணாகாது. விமானச்சீட்டு அப்படியல்ல. விசா கைக்கு வருமுன் பணம் திருப்பித் தராத விமானச்சீட்டை எடுக்கவே வேண்டாம்.

பிரித்தானிய வருகையாளர் விசாவுக்குப் பயணத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். போட்டி டிசம்பர் நடுவில் என்றால், செப்டெம்பர் நடுவில் படிவத்தை இணையத்தில் நிரப்பி, கொழும்பிலுள்ள விண்ணப்ப நிலையத்துக்குப் போய்க் கைவிரல் அடையாளம் கொடுத்துவிட வேண்டும். சாதாரணமாக மூன்று கிழமையில் முடிவு வரும் என்பது கணக்கு. ஆனால் நத்தார்க் காலத்தை ஒட்டி எல்லோரும் விண்ணப்பிப்பார்கள் என்பதால், ஒக்ரோபர் பிறந்த பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தால் அதற்கும் இப்போது கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் இயங்குகிறது.

விண்ணப்பத்தில் வருகையின் நோக்கத்தை மறைக்காமல் எழுதுங்கள். "மகனைப் பார்க்க" என்பதோடு நிறுத்தாமல், இன்ன திகதியில் நடக்கும் குதிரைக் கண்காட்சிக்குப் பேத்தியுடன் போகிறோம், நுழைவுச்சீட்டு எடுத்தாயிற்று, இன்ன திகதியில் திரும்புகிறோம் என்று எழுதி, சீட்டின் பிரதியையும் இணையுங்கள். விசா அலுவலர் பார்ப்பது நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான். முடியும் நாள் உள்ள ஒரு நோக்கம் அதற்குத் துணை நிற்கும். ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, ஆறு மாத வங்கிக் கூற்று, மகனின் அழைப்புக் கடிதம், அவருடைய வதிவிட, வருமான ஆதாரங்கள் என்பவை வழக்கமாகச் சேர்ப்பவை. தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றுவித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பதற்கு முதல் கிழமையில் யாராவது உங்கள் கணக்கில் பத்து லட்சம் போட்டுவிட்டு, பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணம், பணமே இல்லாததைவிடக் கெடுதல்.

மருத்துவக் காப்புறுதி விசாவுக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் உங்கள் வயதில் அதை எடுக்காமல் விமானம் ஏறக்கூடாது. வருகையாளர் ஒருவர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால் அங்கே வழமைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு அறவிடுவார்கள்.

இனி, போகும் இடம். இதில் ஒரு சிறு பொறி உண்டு. இந்தக் கண்காட்சி 1972 முதல் மேற்கு லண்டனிலுள்ள ஒலிம்பியா மண்டபத்தில் நடந்து வந்தது. அதே மண்டபத்தில் 1907 இலேயே முதலாவது சர்வதேசக் குதிரைக் கண்காட்சி நடந்திருக்கிறது. ஆகவே லண்டனில் முப்பது நாற்பது வருடமாக இருப்பவர்கள் இன்றும் இதை "ஒலிம்பியா" என்றே சொல்வார்கள். அவர்களை நம்பி ரயில் ஏறினால் நகரத்தின் மறுமுனையில் போய் நிற்பீர்கள். 2021 முதல் இது கிழக்கு லண்டனிலுள்ள எக்செல் மண்டபத்தில் நடக்கிறது. உங்களுக்கு அதிர்ஷ்டம், எக்செல் ஈஸ்ற்ஹாமுக்குக் கூப்பிடு தூரம். கண்காட்சியைப் பார்க்கிற கிழமை மகன் வீட்டிலேயே தங்கி, மச்சாளையும் தம்பியையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிசம்பர் 25 அன்று லண்டனில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்பதை நினைவில் வைத்து அந்த நாளுக்கு யார் வீடு என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள்.

ஹரோவிலோ ரூற்றிங்கிலோ தங்கியிருந்து போகவேண்டி வந்தால், முன்னையவர் மெற்றோபொலிற்றன் பாதையில் ஃபரிங்டன் வரைக்கும், பின்னையவர் நோதேர்ண் பாதையில் மூர்கேற் வரைக்கும் வந்து, எலிசபெத் பாதைக்கு மாறிக் கஸ்ரம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கலாம். மண்டபம் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. அது பருத்தித்துறைச் சந்தைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளிவருவதைப் போன்ற இடமல்ல. மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை நடக்க முழங்கால் நோகும். நுழைவுச்சீட்டில் எந்த வாசல் என்று போட்டிருக்கிறார்களோ அதற்குப் பக்கத்து நிலையத்தில் இறங்குங்கள். கிழக்கு வாசலென்றால் டி.எல்.ஆர். எனப்படும் சிறு ரயிலில் பிரின்ஸ் ரீஜென்ற் நிலையம்.

இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்வரிசை வேண்டாம். குதிரையின் மூச்சு முகத்தில் படும் என்று பேத்தி ஆசைப்படுவாள். ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரு தடை இன்னொரு தடையை மறைக்கும். நீண்ட பக்கத்தில், நடு உயரத்தில் இருந்தால்தான் ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையில் குதிரை எத்தனை தாவல் வைக்கிறது என்று எண்ணலாம். அதை எண்ணத் தொடங்கிய பிறகு உங்கள் கணவர் நெடுந்தீவைப் பற்றிப் பேசமாட்டார்.

கொக்குவிலிலிருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: நான் சிறுவயதில் மாட்டுவண்டிச் சவாரி நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வருவது வெற்றி, அதில் குழப்பமில்லை. மண்டபத்துக்குள் நடக்கும் குதிரைப் போட்டியில் யார் வென்றார் என்பதை எப்படி அறிவது?

தம்பி, முதலில் உங்கள் மனதிலிருந்து ஓட்டப்பந்தயத்தை எடுத்துவிடுங்கள். இங்கே இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக வந்து, தன் பங்கைச் செய்துவிட்டுப் போகும்.

தடைதாண்டலில் குறைந்த குற்றப்புள்ளி பெற்றவரே முன்னணியில் நிற்பார். ஒரு கம்பு விழுந்தால் நான்கு புள்ளி. குதிரை தடைக்கு முன் மறுத்து நின்றால் நான்கு. இரண்டாம் தரமும் மறுத்தால் வெளியேற்றம். குதிரையோ சவாரியாளரோ விழுந்தாலும் வெளியேற்றமே. குறித்த நேரத்தைத் தாண்டினால் அதற்கும் புள்ளி. பிழையே இல்லாமல் முடித்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், குறைத்த தடைகளுடன் இன்னொரு சுற்று வைத்து, அதில் பிழையின்றி விரைவாக முடித்தவருக்கு வெற்றி. அந்த இரண்டாம் சுற்றில்தான் உங்கள் மாட்டுவண்டிச் சவாரியின் நெஞ்சிடி கிடைக்கும். உலகக் கிண்ண மட்டத்தில் தடையின் உயரம் 1.60 மீற்றர் வரை போகும். ஏறத்தாழ உங்கள் நெற்றி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் யாரும் சொல்லித் தரக்கூடிய சட்டம். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது, போட்டி தொடங்குவதற்கு அரை மணிநேரம் முன்பே போய் இருக்கையில் அமருங்கள் என்பதுதான். அப்போது குதிரை எதுவும் இருக்காது. சவாரியாளர்கள் சப்பாத்துக் காலுடன் மணலில் இறங்கி, ஒரு தடையின் அடியிலிருந்து அடுத்த தடை வரைக்கும் நீட்டி நீட்டி அடி வைத்து நடப்பார்கள். நாலு காலடி ஒரு தாவல் என்பது அவர்கள் கணக்கு. அதாவது ஏறக்குறைய மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட. நமது மேசன்மார் அத்திவாரம் போடுமுன் காணியில் காலால் அளப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே நடை, அதே முணுமுணுப்பு. நான் பார்த்த ஒரு போட்டியில், வயதான சவாரியாளர் ஒருவர் ஐந்தாம் தடைக்கும் ஆறாம் தடைக்கும் இடையே மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை நின்று தலையை ஆட்டினார். பின்னர் பதினைந்து குதிரைகளில் ஒன்பது அந்த ஆறாம் தடையில்தான் கம்பைத் தட்டின. தாவல் ஏழு வைப்பதா, நீட்டி ஆறாக்குவதா என்று குதிரைக்கும் ஆளுக்கும் இடையில் ஒத்துப்போகாத இடம் அது. அவர் ஏழு வைத்தார், தப்பினார்.

கம்பு கட்டிவைத்திருப்பதல்ல, ஆழமில்லாத கிண்ணம் போன்ற தாங்கியில் சும்மா கிடப்பது. குளம்பு பட்டால் சிலவேளை அது ஒருமுறை உருண்டு, விளிம்பில் நின்று, மீண்டும் தாங்கிக்குள் விழுந்துவிடும். அந்த அரை விநாடியில் ஆயிரக்கணக்கானோர் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நீங்கள் காதால் கேட்கலாம். கம்பு மணலில் விழும் சத்தம் பெரிதல்ல. உலக்கை சாய்ந்து விழுவதைப் போன்ற ஒரு மொத்தொலிதான். ஆனால் அதற்குப் பின் மண்டபம் எழுப்புகிற "ஓ" என்ற ஒலி வெகு நேரம் போகாது.

நடைப்போட்டிக்கு, அதாவது ட்ரெஸாஜுக்கு, கணக்கு வேறு. 20 மீற்றர் அகலமும் 60 மீற்றர் நீளமும் உள்ள களத்தில் குதிரை செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போட்டு, மொத்தத்தை வீதமாக்குவார்கள். இசையோடு செய்யும் பிரிவில் உலகச் சாதனை இந்த லண்டன் கண்காட்சியில்தான் நிகழ்ந்தது: 2014 டிசம்பரில் சார்லொட் டுஜார்டின் வலெக்ரோ என்ற குதிரையில் 94.300 வீதம் பெற்றார். அன்று அந்தக் குதிரை இடத்தைவிட்டு நகராமல் ஒரே இடத்தில் துள்ளி நடந்ததைக் காணொளியில் பாருங்கள். தாளம் தப்பாத ஒரு மிருதங்க வித்துவானைப் பார்க்கிற உணர்வு வரும். ஒரு சவாரியாளர் தன் வரிசையைச் செய்துகொண்டிருக்கும்போது கைதட்டுவதோ, கமெராவில் வெளிச்சம் அடிப்பதோ கூடாது. முடித்து வணக்கம் செலுத்திய பிறகு எவ்வளவும் தட்டலாம்.

மதில் தாண்டலும் உண்டு. சிவப்புச் செங்கல் போல வர்ணம் பூசிய பலகைப் பெட்டிகளை அடுக்கி, சுற்றுக்குச் சுற்று உயர்த்திக்கொண்டே போவார்கள். 1978 இல் ஒலிம்பியாவில் நிக் ஸ்கெல்ரன் லாஸ்ரிக் என்ற குதிரையில் 2.32 மீற்றரைத் தாண்டியது இன்றும் பிரித்தானிய உயரம் தாண்டல் சாதனையாக நிற்கிறது. மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று குதிரைக்குத் தெரியாது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

சுண்டுக்குளியிலிருந்து ஒரு மாணவி, வயது பத்து: எங்கள் கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி வரும் குதிரை வாகனம் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. லண்டன் குதிரைகளும் அப்படி நிற்குமா?

நல்ல கண் பிள்ளை உனக்கு. உயிருள்ள குதிரை பின்னங்காலை மடக்கி, முன்னங்கால்களைத் தூக்கி, சிலைபோல் சில விநாடி நிற்பதற்கு லெவாட் என்று பெயர். அதை இன்றும் பழக்கிக் காட்டும் இடம் ஆஸ்திரியாவின் வியன்னாவில் உள்ள ஸ்பானிய சவாரிப் பள்ளி. அங்குள்ள சவாரி மண்டபம் 1735 இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைக் குதிரைகள், மேலே தொங்கும் சர விளக்குகள் என்று அது ஒரு கோயில் மண்டபத்தைப் போலவே இருக்கும். லண்டன் போட்டியில் அந்த நிலையைச் செய்யச் சொல்வதில்லை. ஆனால் அங்கே உனக்குப் பிடிக்கக்கூடிய வேறொன்று இருக்கிறது: ஷெற்லண்ட் என்ற குட்டையினக் குதிரைகளில் உன்னளவு பிள்ளைகள் ஏறித் தடை தாண்டி ஓடும் போட்டி. அந்தக் குதிரைகளின் முதுகு ஏறக்குறைய உன் நெஞ்சு உயரத்துக்குத்தான் வரும்.

காரைநகரிலிருந்து வர்த்தகர் ஒருவர்: எனக்கு லண்டனில் அண்ணன், ஜெனீவாவில் தங்கை, ரொறன்ரோவில் மகள். மூன்று இடத்திலும் பெரிய குதிரைப் போட்டி நடக்கிறதாம். ஒன்றுக்குத்தான் போக முடியும். எது?

ஐயா, உறவைக் கணக்கில் எடுத்தால் மகள். குதிரையைக் கணக்கில் எடுத்தால் ஜெனீவா. இதைச் சொன்னதற்காக லண்டன் அண்ணன் என்னைக் கோபிக்கக் கூடாது.

ஜெனீவாப் போட்டி 1926 இல் தொடங்கியது. டிசம்பரில் நடக்கும். அது நடக்கும் பலெக்ஸ்போ மண்டபம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். களம் மிக விசாலம், ஆகவே குதிரைகள் லண்டனில் போல மூலைக்கு மூலை ஒடுங்கித் திரும்பாமல் உண்மையாகவே ஓடித் தாண்டும். ஜெனீவா, ஜேர்மனியின் ஆகன், கனடாவின் ஸ்புரூஸ் மெடோஸ், நெதர்லாந்தின் செர்ற்றோகன்போஷ் ஆகிய நான்கு பெரும் போட்டிகளைச் சேர்த்து ஒரு தொடராக வைத்திருக்கிறார்கள். அவற்றில் அடுத்தடுத்து மூன்றை வென்ற ஸ்கொற் பிராஷ் 2015 இல் அந்தப் பெரும் பரிசை எடுத்தார். இப்படிப்பட்டவர்கள் வருமிடத்தில் சாதாரண நாளின் மதியப் போட்டியே பார்க்கத் தகும். சுவிஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது வசதி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி அதற்குக் கட்டாயம்.

ரொறன்ரோவில் நடப்பது வேறு வகை. 1922 முதல் நவம்பரில் நடக்கும் ரோயல் விவசாயக் குளிர்காலச் சந்தையின் ஒரு பகுதிதான் அங்குள்ள குதிரைக் கண்காட்சி. பசு, ஆடு, பூசணிக்காய், வெண்ணெயில் செய்த சிற்பம் எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் தடைதாண்டல் பார்க்கலாம். நமது விவசாயக் கண்காட்சியும் பந்தயமும் ஒன்றாய்ச் சேர்ந்ததைப் போல, பிள்ளைகுட்டிகளுடன் போக அதுவே சிறந்தது. ஸ்காபரோவிலிருந்து கோ ரயிலில் யூனியன் நிலையம் வந்து, மாறி எக்சிபிஷன் நிலையத்தில் இறங்கினால் போதும். கனடா விசா கிடைத்தால் பல வருடத்துக்கும் செல்லுபடியாகலாம். ஆகவே மகளிடம் ஒருமுறை போய்வந்த பிறகு தங்கையிடம் போவதில் தடை ஒன்றுமில்லை.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: பயண முகவர் ஒருவர் லண்டனுக்கு மலிவான சீட்டு இருக்கிறது, ஐரோப்பிய நகரம் ஒன்றில் விமானம் மாறவேண்டும் என்கிறார். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். இது என் சொந்த மைத்துனருக்கு நடந்தது. பிரித்தானிய விசா கையில் இருக்கிறது, விமான நிலையத்தை விட்டு வெளியே போகப்போவதில்லை, பிறகென்ன என்று அவருடைய முகவர் சொன்னார். கட்டுநாயக்காவில் பெட்டியை நிறுத்துத் தராசில் வைத்த பிறகு, ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் மாறிச் செல்வதற்கே விசா தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது என்று அங்கிருந்த பெண் பணிவாகச் சொன்னார். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அந்நாட்டு விசா அதற்குப் பொதுவான விலக்காக நிற்பதில்லை. மைத்துனர் அன்றிரவே நீர்கொழும்பில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் வேறு சீட்டு எடுத்துப் போனார். மலிவாய் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு போயிற்று. நேரடி விமானம், இல்லாவிட்டால் டோஹா, டுபாய் வழி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நவம்பர், டிசம்பர் நமக்கு மாரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் வீதிகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். விமானம் ஏறும் நாளுக்கு முதல்நாள் இரவு பஸ்ஸை நம்பிப் புறப்படாமல், இரண்டு நாள் முன்னதாகவே கட்டுநாயக்காப் பக்கம் போய்விடுவது நல்லது.

சங்கானையிலிருந்து ஒரு வாசகி: என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது?

மண்டபத்துக்குள் சேலை தாராளமாக உடுக்கலாம். உள்ளே கம்பளிச் சட்டை ஒன்றும், காலுறையும், தட்டையான மூடிய சப்பாத்தும் போதும். வெளியே வரும்போதுதான் தடித்த கோட்டு வேண்டும். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; மதிய அமர்வு முடிந்து வெளியே வந்து நடுநிசி என்று பயப்படாதீர்கள். இறைச்சியும் பாலில் செய்த பண்டங்களும் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகத் தடை. மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் மருமகளுக்கு எப்போதும் சந்தோஷம் தருபவை. பால்கோவாவை இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒருவர்: வாயில்லாச் சீவனை அடித்துத் துன்புறுத்திக் காசு பார்ப்பதைப் பார்க்க நாமும் போய்க் காசு கொடுப்பதா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மேலே சொன்ன அதே சார்லொட் டுஜார்டின், பயிற்சி ஒன்றின்போது குதிரையைச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த பழைய காணொளி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் அவரை ஓராண்டுக்குத் தடைசெய்தது. பயிற்சிக் களத்தில் நடப்பது போட்டிக் களத்தில் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதே வேளை, போட்டி மண்டபத்தில் மிருக வைத்தியர்களும் மேற்பார்வையாளர்களும் இருப்பதும், நொண்டும் குதிரையைக் களத்தில் இறக்காமல் திருப்பி அனுப்புவதும், ஊக்கமருந்துச் சோதனை நடப்பதும் உண்மை. நான் போவேன், ஆனால் சவாரியாளரைவிடக் குதிரையின் காதையும் வாலையும் கூடுதலாகப் பார்ப்பேன். காது முன்னும் பின்னும் இலகுவாக அசைந்தால் அது வேலையில் கவனமாயிருக்கிறது. காதைப் பின்னால் ஒட்ட வைத்து, வாலை ஓயாமல் சுழற்றினால் அதற்கு ஏதோ பிடிக்கவில்லை. அப்படி ஒரு குதிரை வென்றால் நான் கைதட்டுவதில்லை.

நெடுந்தீவிலிருந்து ஒரு வாசகர்: எல்லோரும் லண்டன் குதிரையைக் கேட்கிறார்கள். எங்கள் குதிரைகளில் ஒன்றைப் பழக்கினால் இப்படிப்பட்ட போட்டிக்கு அனுப்ப முடியாதா?

அனுப்ப முடியாது. சர்வதேசச் சட்டப்படி, லாடமில்லாமல் 148 சென்ரிமீற்றருக்கு மேற்படாதவை மட்டக்குதிரைகள். உங்கள் தீவுக் குதிரைகள் அந்தப் பிரிவுக்குள்தான் அடங்கும். உலகக் கிண்ணத் தடைகளின் மேல் கம்பு அவற்றின் முதுகுக்கு மேலே நிற்கும். அதோடு அவை தலைமுறை தலைமுறையாக மனிதக் கைபடாமல் திரிபவை. ஆறேழு வருடம் எடுக்கும் பழக்கத்தை, அவற்றைப் பிடித்துக் கட்டிவைத்துக் கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் நன்மையாகாது. உங்கள் குதிரைகளுக்கு வேண்டியது ஆடி, ஆவணி வறட்சியில் குடிக்கத் தண்ணீர். தீவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் பாணும் பிஸ்கற்றும் நீட்டுகிறார்கள் என்று நீங்கள் கடிதத்தின் அடியில் எழுதியிருப்பதையும் வாசித்தேன். இம்முறை நீர்வேலி ஆசிரியையின் கணவர் குறிகட்டுவானில் வள்ளம் ஏறுவதானால், பாணை வீட்டில் வைத்துவிட்டு, தூரத்தில் நின்று பார்க்கும்படி இப்பக்கத்தின் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.